வெள்ளத்தில் சுமந்தவன்

செவ்வாய்க்கிழமை

தம்பி எதைச் செய்தாலும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தம்பி ஒரு போன் விளையாட்டு செய்து வெளியிட்டிருக்கிறான். அப்பாவின் பழைய நினைவுகளைத் துண்டு துண்டாகப் பொருத்திப் படமாக்க வேண்டும். மறதி வந்த பிறகு அப்பா தினமும் அதைத்தான் ஆடுகிறார்.

இன்று கடைசிப் படத்தை முடித்தார். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டுச் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வருடம். இடுப்பளவு தண்ணீரில் அவரை மகன் முதுகில் சுமந்து வருகிறான். முகம் தம்பியுடையது. கீழே அப்பா சொல்வதாக, "பாத்து வா, நைனா" என்று எழுதியிருக்கிறது.

நைனா என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். அன்று தம்பி பெங்களூரில் இருந்தான்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சின்னவன்தான் தூக்கினு வந்தான். நீ எங்க பூட்டே அன்னிக்கு?"

தம்பியைப் போனில் பிடித்தேன்.

"இன்னாண்ணா, ஒரு கேமுக்குப் போயி கோச்சிக்கினு! யார் மூஞ்சி இருந்தா இன்னா?"

"அப்போ என் மூஞ்சிய வை."

"உன் மூஞ்சிய வெச்சா எவன் டவுன்லோட் பண்ணுவான்?" என்று சிரித்தான்.

விளையாட்டின் பக்கத்தில் கருத்து எழுத இடமிருக்கிறது. "கடைசிப் படத்தில் முகம் தவறு. சுமந்தவன் மூத்த மகன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். என் பெயரைப் பார்த்தால் பொறாமை என்பார்கள். பெயர் போடாமலே பதிவிடப் போகிறேன்.