படம் போகாத வீடு

குளுவாங்
5 நவம்பர் 2024

அன்புள்ள புஷ்பம்,

இங்கே நலம். நீயும் செல்வாவும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. உப்பு ஒரு சிட்டிகை கூடுதல். மற்றபடி குறை இல்லை.

மூன்று நாளாக உன் அழைப்பை நான் எடுக்கவில்லை. கவனித்திருப்பாய். தொலைபேசியில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகளையே அப்படித்தான் ஏமாற்றினாய். அதனால் எழுதுகிறேன். பதிலையும் எழுத்தில்தான் எதிர்பார்க்கிறேன்.

சனிக்கிழமை மலர் என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். ஃபைபர் இன்டர்நெட் விற்கிற கம்பெனிப் பெண். எங்கள் தாமான் வீடுகளுக்கும் கம்பி வந்துவிட்டதாம். கூரைமேல் இருக்கும் டிஷ்ஷை எடுத்துவிட்டு அந்தக் கம்பி வழியாகவே டிவி பார்க்கலாம், மழை பெய்தாலும் படம் போகாது என்றாள்.

"என் வீட்டில் படம் போவதே இல்லை. என் கணவர் தன் கையால் திசை பார்த்து முடுக்கிய டிஷ். அவர் காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது, இன்றுவரை அசையவில்லை" என்றேன்.

அவள் விடவில்லை. "ஆன்டி, கூலாய்ல எங்க தெரு முழுக்க மாத்திட்டாங்க. எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி ஆன்டிக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு வருஷமாச்சு. புயல் அடிச்சாலும் படம் போகாதுன்னு அவங்களே சொல்வாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றாள்.

கேட்கிறேன்.

அவர் போன பிறகு ஆறரை மணி நாடகம்தான் எனக்கு மாலைப்பொழுது. மழை வந்தால் நீ ஏழு மணிக்குக் கூப்பிடுவாய். "இங்க மழை லா, படம் போயிடுச்சு. என்ன ஆச்சு அன்னம்?" என்பாய். நான் முதல் காட்சியிலிருந்து சொல்வேன். உன் வீட்டில் போகாத படத்தை இரண்டு வருடமாக எதற்காக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாய்? போன வாரம்கூடக் கேட்டாயே?

ஒரு வரியில் பதில் போதும்.

அன்புடன்,
அன்னலட்சுமி


கூலாய்
திங்கட்கிழமை

என் அன்னம்,

அலமாக், மாட்டிக்கிட்டேன்!

ஒரு வரி போதும்னு எழுதியிருக்கே. சரி, அந்த ஒரு வரி: ஆமா, மாத்தியாச்சு. இப்ப மிச்சத்தையும் படி.

சிங்கப்பூர் கம்பெனி வேலையை வீட்டிலேருந்தே செய்யணும்னு செல்வாதான் ஃபைபர் போட்டான். அன்னைக்கே டிஷ்ஷையும் கழற்றிட்டாங்க. அந்த வாரமே நல்ல மழை. படம் ஆடாம அசையாம நிக்குது. நாடகம் முடிஞ்சது, மணி ஏழு. உன்னைக் கூப்பிட என்கிட்ட ஒரு காரணமும் இல்லை. செல்வா அவன் ரூம்ல ஒரு திரையைப் பார்க்கிறான், மருமக ஹால்ல ஒண்ணு, பிள்ளைங்க மாடியில ஆளுக்கு ஒண்ணு. வீட்டுல அஞ்சு பேர் இருந்தும் நான் சாப்பாட்டு மேசையில தனியா உட்கார்ந்திருந்தேன். கை தானா உன் நம்பரைத் தட்டிடுச்சு. நீ எடுத்ததும் வாயும் தானா "மழை லா" ன்னு சொல்லிடுச்சு.

சும்மா கூப்பிட்டா நீ பேசுவியா? "என்ன விஷயம்?" னு கேட்பே. ஒரு விஷயமும் இல்லைன்னா ரெண்டு நிமிஷத்துல வெச்சிடுவே. மழைக்கு மட்டும்தான் நீ அரை மணி நேரம் கொடுப்பே.

தப்புதான். மன்னிச்சிடு. போனை எடு. மலர் நல்ல பொண்ணு, அவ சொல்றதையும் கொஞ்சம் கேளு.

உன் புஷ்பம்


குளுவாங்
14 நவம்பர் 2024

திருமதி புஷ்பவள்ளி சபாபதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தேதி இல்லை.

இரக்கப்பட்டு யாரும் என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. தனியாக இருக்கிற கிழவிக்குப் பேச ஆள் வேண்டும் என்று நினைத்து, பார்த்து முடித்த நாடகத்தைப் பார்க்காததுபோல் இரண்டு வருடம் கேட்டிருக்கிறீர்கள், சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்பதுபோல. மறுமுனையில் சிரித்தும் இருப்பீர்கள். பொய்யில் சின்னது பெரியது இல்லை என்று நம் இருவருக்கும் ஒரே வகுப்பறையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நானும் ஃபைபருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 21ஆம் தேதி ஆள் வருகிறார். இனி மழை என்ற சாக்கு இரண்டு வீட்டிலும் இருக்காது. ஆகவே அழைக்க வேண்டாம்.

முறுக்கு டின்னை மலரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்னலட்சுமி ஏரம்பமூர்த்தி


கூலாய்
18 நவம்பர் 2024, காலை மணி 10.20
(தேதி போட்டாச்சு. மணியும் போட்டாச்சு.)

அன்னம்,

டின் வந்தது. திறந்து பார்த்தேன். காலி.

நம்ம ரெண்டு வீட்டு டின்னும் ஐம்பது வருஷமா குளுவாங்குக்கும் கூலாய்க்கும் போய்ட்டு வருது. ஒரு தடவைகூட நீ காலியா அனுப்பினதில்லை. ஒண்ணுமில்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டிருப்பே. அதைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிச்சதும் எனக்கும் கோபம் வந்துச்சு.

இதைச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். நீ இரக்கம்னு எழுதினதால சொல்றேன்.

போன வருஷம் ஆகஸ்ட்ல நாடகத்துல வர்ற டிரைவர் முத்துவேலைக் கொன்னியே, ஞாபகம் இருக்கா? மலைப்பாதையில கார் உருண்டுச்சு, மாமியார்க்காரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, அவனோட செருப்பை எடுத்து வாசல்ல நேரா வெச்சான்னு சொன்னே. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. ஆனா டிவியில அவன் சாகவே இல்லை, அன்னம்! மாமியாரும் மருமகளும் நகைக்கடையில அரை மணி நேரம் முறைச்சுக்கிட்டு நின்னாங்க, அவ்வளவுதான். மறுநாள் அவன் ஜம்முன்னு கார் ஓட்டிக்கிட்டு வர்றான். இதை நீ எப்படிச் சமாளிக்கப்போறேன்னு அடுத்த மழைக்குக் காத்துக்கிட்டே இருந்தேன். "அந்த விபத்து மாமியார் கண்ட கனவு" ன்னு சொன்னியே, கொஞ்சமாவது தயங்கினியா?

நீ பேசுறப்போ உன் முன்வாசல் தகரத்துல மழை கொட்டுறது எனக்கு இங்க கேட்கும். இங்க பெய்ற மழை பாதி நாள் அங்கயும்தான் பெய்யும். உன் வீட்டுப் படமும் போயிருக்கும். போயிடுச்சுன்னு நீ சொல்லமாட்டே. ஒரு கதையையே கட்டிடுவே.

இரக்கமா? நான் ஆறரைக்கு டிவி பார்த்ததே நீ எந்த இடத்துல மாத்துறேன்னு கண்டுபிடிக்கத்தான். உன் கதையில வர்ற மாமியார் டிவி மாமியாரைவிட எவ்வளவோ மேல். பொய் ரெண்டு பேருமே சொன்னோம். நான் ஒரு வரி சொன்னேன், நீ அரை மணி நேரம் சொன்னே.

கூப்பிடாதேன்னுட்டே. கூப்பிடமாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இந்தப் பதினொரு வருஷத்துல நீ ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டிருக்கியா?

புஷ்பம்


குளுவாங்
23 நவம்பர் 2024

அன்புள்ள புஷ்பம்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை காது சுட்டது. மூன்றாம் முறை முத்துவேல் கார் ஓட்டி வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை கம்பி போட வந்தவர் பெயர் காளிதாஸ். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், வளர்ப்பு தெரிந்தது. மெல்லிய கம்பிதான். சுவரில் துளை போட்டு அதை உள்ளே இழுத்தார். உதிர்ந்த சுண்ணாம்பை இரண்டு முறை துடைக்கச் சொன்னேன், முகம் சுளிக்காமல் துடைத்தார். பிறகு கூரைமேல் ஏறி டிஷ்ஷைக் கழற்றி இறக்கினார்.

"ஆன்டி, இது எப்பவோ ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு. போல்ட்டெல்லாம் துரு. லேசா தூறினாலே படம் போயிருக்குமே?" என்றார்.

"போகும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கிறது பார். என் கணவர் முடுக்கியது தளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. முதல் முறை இங்கேயும் படம் போன நாளில் நீ கூப்பிட்டு, "என்ன ஆச்சு அன்னம்?" என்றாய். அவர் இருந்தவரை வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் கேட்பார், பசாரில் நடந்ததோ பக்கத்து வீட்டில் நடந்ததோ, நான் சொல்லி முடிக்கும்வரை சட்டையைக்கூட மாற்றமாட்டார். அவருக்குப் பிறகு என்னிடம் அப்படிக் கேட்டவள் நீ ஒருத்திதான். "தெரியாது" என்று சொல்ல முடியவில்லை, புஷ்பம். சொன்னால் நீ தொலைபேசியை வைத்துவிடுவாய்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மன்னித்துவிடு. கனவு என்று சமாளித்தது மட்டமான வேலை, அதற்கும் சேர்த்து. அவசரத்தில் வேறு தோன்றவில்லை.

நேற்று மாலை இங்கே கொட்டித் தீர்த்தது. படம் அசையவில்லை. நடிகைகளின் பவுடர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. நாடகத்தை ஒரு காட்சி விடாமல் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். வெறும் முறைப்பு.

மலர் திங்கட்கிழமை கூலாய் வருகிறாள். இந்தக் கடிதத்தையும் ஒரு டின்னையும் அவளிடம் கொடுக்கிறேன். உன் டின் உன்னிடம் இருப்பதால் இது என்னுடையது. உள்ளே பயத்தம் பணியாரம், காலி டின்னுக்குப் பரிகாரமாக ஓர் அடுக்கு கூடுதல். செல்வாவிடம் முதலில் நீட்டாதே, உனக்கு மிஞ்சாது.

வரும் வியாழக்கிழமை, 28ஆம் தேதி, ஆறரைக்கு நான் டிவியைப் போடப்போவதில்லை. மழையோ வெயிலோ, ஏழு மணிக்கு உன் தொலைபேசி மணி அடிக்கும். எண்ணைத் தேட வேண்டியதில்லை. எனக்கு அது எப்போதோ மனப்பாடம். "என்ன ஆச்சு புஷ்பம்?" என்று கேட்பேன். முதல் காட்சியிலிருந்து சொல். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உன்
அன்னம்