சிதறும் கோணம்

என் தங்கத்துக்கு,

நீ வைத்துவிட்டுப் போன இயற்பியல் புத்தகத்தை அகராதியோடு படித்து வருகிறேன். அணுக்கருவுக்குள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வலுவான விசையைக் கண்ணால் பார்க்க முடியாதாம். துகளை எறிந்து, அது எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்த்துத்தான் உள்ளே இருப்பதைக் கணித்தார்களாம்.

நானும் மாப்பிள்ளை ஜாதகங்களாக எறிந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ, "ஆத்துல தண்ணி வந்துடுச்சாம்மா?" என்று விலகினாய். கோபித்துக்கொண்டேனே தவிர, ஏனென்று யோசிக்கவில்லை.

நேற்று போனில் உன் பின்னால் ஓர் ஆண்குரல், "தோசை ஆறிடும், வாடி" என்றது. நீ பதறி வைத்துவிட்டாய். இத்தனை நாள் உன்னைப் பயந்து வாழ வைத்துவிட்டேனே.

சுவாமிமலை முருகனிடம் மாப்பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டேன். சம்பா நடவுக்கு இரண்டு பேருமாக வாருங்கள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா