மார்க் இல்லாத தாள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

அரையாண்டுத் தேர்வில் உன் மகளுக்கு அறிவியலில் பதினெட்டு போட்டது நான்தான். திருத்தியதில் தவறில்லை, முக்கால்வாசித் தாள் வெறுமையாக இருந்தது. ஆனால் தாளைக் கொடுக்கும்போது வகுப்பு முழுக்கக் கேட்க நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதக் கை வரவில்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் அதே கேள்விகளைப் பலகையில் எழுதினேன். "இது பரீட்சை இல்ல, மார்க்கும் கிடையாது. ஞாபகம் இருக்குறத எழுதுங்க," என்றேன். தொண்ணூறு வாங்கியவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "பரீட்சை முடிஞ்சதுமே மறந்துட்டேன் மிஸ்," என்றாள் வகுப்பில் முதலாவதாக வருபவள்.

உன் மகள் தலை நிமிராமல் எழுதினாள். இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து, ரத்தம் போகும் வழிக்கெல்லாம் அம்புக்குறி போட்டிருந்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, "அன்னிக்கு ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"மணி அடிச்சதும் பயம் வந்துடுச்சு பெரியம்மா. எல்லாம் தெரியும், எதுவும் வரல."

பள்ளிக்கூடத்தில் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் கண்டிப்பு. அன்று நான் திருத்தவில்லை.

மறுநாள் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுந்து நின்று, "பரவால்ல மிஸ்," என்றாள். அந்த 'மிஸ்' என்ற வார்த்தை என்னைச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். நீ பேசாவிட்டாலும் சரி, அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க விடு.

உன் அக்கா