உமுகானுக்குச் சேர வேண்டிய எலும்பு

என் குதிரைக்குட்டி ஜிபாருக்கு,

நீ நலமா, உன் விரல்கள் நலமா, அந்தத் தையல் பட்டறையில் உன் கண்கள் நலமா என்று கேட்டு எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நான் சொல்லப்போகிற அந்த நாளில் நம் முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது உன்னிடம் மாற்றிச் சொன்னால் நம்பாதே.

கொத்தனார் ஜுமாபாய் இருந்தான். பள்ளிக்கூட வாத்தியார் கென்ஜே இருந்தார். கடைக்கார எசென், அவன் மனைவி பூரூல், வேன் ஓட்டுகிற தெமிர், பக்கத்து வீட்டு உமுகான். இவர்களோடு கம்பளத்தின் மேல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் நான். இவ்வளவு பேர்தான். கோழிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏன் போனில் சொல்லவில்லை என்று நினைப்பாய். போன் பேச நான் எசென் கடை மேட்டுக்குப் போக வேண்டும். அங்கே பேசினால் பூரூல் காதில் விழும். அது மட்டுமல்ல, இதைச் சொல்லும்போது என் குரல் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியவில்லை.

கோடையில் நீ போன் செய்தபோதெல்லாம் வீடு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். வாய்க்கால் உடைந்து பின்சுவர் இடிந்து விழுந்துவிட்டது. ஓட்டையின் மேல் உன் அம்மாவின் சீர்க் கம்பளத்தைத் தொங்கவிட்டு உள்ளே படுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அஷார் வேண்டும் என்றால் வேண்டியவர் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, என் வீட்டு வேலைக்குக் கை கொடுங்கள் என்று கூப்பிட வேண்டும், உனக்குத் தெரியும். நான் யார் வாசலில் நிற்பேன்? உன் தாத்தா இருந்தபோது இந்த ஊரில் எத்தனை கூரைகளுக்கு அவர் உத்தரம் ஏற்றினார். அவருடைய மனைவி வாசல் வாசலாக நிற்பதா என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

ஒரு நாள் விடிந்ததும் மண்வெட்டியும் கூடையுமாக எல்லாரும் வந்து நிற்கிறார்கள். ஜுமாபாய், "என்ன அக்கா, ஆளனுப்பிக் கூப்பிட்டுட்டு இன்னும் டீ கூடப் போடலையா?" என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் உமுகான் நிற்கிறாள், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பளி மூட்டை மாதிரி. அவள்தான் ஊர் முழுக்கப் போய், அனார்கான் கூப்பிடுறா, அனார்கான் கூப்பிடுறா என்று என் பெயரில் கேட்டிருக்கிறாள். நம் வீட்டுப் புகை, புகைக்கூண்டு வழியாக வராமல் பின்பக்கம் வழியாக வருவதைப் பார்த்துக் கண்டுபிடித்தாளாம். எனக்காக அவள் கை ஏந்தியிருக்கிறாள், ஜிபார். எனக்காக. உமுகான்.

உமுகானோடு நான் ஏன் பேசுவதில்லை என்று நீ சின்ன வயதில் கேட்டாய். நான் சொல்லவில்லை. உன் தாத்தா இறந்த அன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, அழுதுகொண்டேதான் உள்ளே வந்தார்கள். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கொல்லைப்பக்கமாக வந்தாள், கொல்லைப்பக்கமாகவே போனாள். என் கணவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று அன்று நெஞ்சில் எழுதியதை நான் அழிக்கவே இல்லை.

வேலைக்கு வந்தவர்கள் மண் பிசைந்தார்கள். நான் உட்கார்ந்து ஒவ்வொருவராக எடை போட்டேன். வேறு வேலை இல்லையே. ஜுமாபாய் வந்தது அவன் வீட்டுக் கூரையை உன் தாத்தா போட்டதால். வாத்தியார் வந்தது போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்ட. ஒரு கூடை மண் சுமந்தால் இரண்டு படம் எடுத்தார், அதிலும் ஒரு படத்துக்குச் சுமந்த மண்ணையே திரும்பச் சுமந்தார். எசென் வருகிற தேர்தலில் நிற்கிறான். தெமிர் உன்னைப் பற்றி மூன்று தரம் விசாரித்தான், அவன் வந்த காரணத்தை நீயே புரிந்துகொள். பூரூல் கறிக்காக வந்தாள். அண்டாவைத் திறந்து பார்த்த நேரம்தான் அவள் நிமிர்ந்து நின்ற நேரம்.

உமுகானுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக்கொண்டே இருந்தாள். என்னைவிட மூத்தவள், ஒரு கண்ணில் பூ விழுந்தவள். என் பக்கம் பார்க்கவும் இல்லை. எனக்கு உள்ளே எரிந்தது. இறுதியில் நானே ஒரு காரணம் செய்து அவளுக்கு மாட்டிவிட்டேன்: நான் விழுந்து கிடப்பதை ஊரைக் கூட்டிப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

வேலை முடிந்தது, அன்று அவசரமாக அறுத்த ஆட்டின் கறியும் வெந்தது. தெமிர் எலும்புகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து, "பாட்டி, வாலடிக்கறி உமுகான் பாட்டிக்குத்தானே?" என்று கேட்டான். அவனுக்கே தெரிகிறது. கூட்டத்தில் மூத்த பெண்ணுக்குத்தான் வாலடிக்கறி. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதைப் பூரூலுக்கு வை. உமுகானுக்கு நெஞ்செலும்பு" என்றேன். புது மருமகளுக்கு வைக்கிற நெஞ்செலும்பு. சத்தமாகத்தான் சொன்னேன்.

வாத்தியார் போனைக் கீழே வைத்தார். உமுகான் அந்த நெஞ்செலும்பைக் கையில் எடுத்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சரிதான், அனார்கான் என்னைப் புதுப்பொண்ணாக்கிட்டா. ஜுமாபாய், பல்லு இருக்கிற மாப்பிள்ளையா பாருப்பா, ரெண்டு பேருக்கும் சேர்த்து அவன்தான் மெல்லணும்" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜுமாபாய்க்குப் புரையேறிவிட்டது. நான் பண்ணிய அசிங்கத்தின் மேல் அவள் அந்தச் சிரிப்பைப் போர்த்தி மூடினாள். சாப்பாடு நடந்தது.

மறுநாள் யாரும் வர வேண்டியதில்லை. உமுகான் வந்தாள், உள்பூச்சு பாக்கி என்று. என்னால் அதற்குமேல் முடியவில்லை. "நீ எதுக்கு வர்றே? நான் அவ்வளவு பண்ணியும் எதுக்குடி வர்றே?" என்று கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பூசினாள். "உனக்காக வர்றேன்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுல ஓட்டைச் சுவரோட ஒருத்தி படுத்திருந்தா எனக்குத் தூக்கம் வருதா? நான் தூங்கணும்னு வர்றேன். அந்த மண்ணை இப்படித் தள்ளு" என்றாள்.

தள்ளினேன். பிறகு, கேட்கக் கூடாது என்று இருந்ததையும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு என் புருஷனுக்கு ஏன் நீ அழல?"

அவள் திரும்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள். "அழறதுக்கு ஊரே இருந்துச்சு அனார்கான். அத்தனை பேருக்கும் தண்ணி யாரு தூக்கினதுன்னு நினைச்சே?"

நான் நினைக்கவே இல்லை, ஜிபார். அன்று அண்டாக்கள் கொதித்தன, குளிப்பாட்டத் தண்ணீர் இருந்தது, வந்தவர்களுக்கெல்லாம் டீ இருந்தது. ஆறு நம் வீட்டிலிருந்து எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். யார் முகம் அழுதது, யார் முகம் அழவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த நான், வாளியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் ஊர் முன்னால் நெஞ்செலும்பு வைத்தேன்.

சுவர் காய்வதற்குள் அவளுடைய மகன் வந்து அவளை நீ இருக்கிற பிஷ்கெக்குக்கே அழைத்துப் போய்விட்டான், கண்ணுக்கு அறுவை சிகிச்சையாம். இனி அங்கேயேதான் இருப்பாள் என்கிறார்கள். கார் கிளம்பும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை. புதுச்சுவர் காற்றைத் தடுக்கிறது, வீடு கதகதப்பாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுக்க என்னால் முடியவில்லை. பூச்சில் அவளுடைய விரல் தடம் இருக்கிறது.

அதனால் நேற்று ஆட்டை அறுத்தேன். என் காரியத்துக்கு என்று வைத்திருந்த அந்த வெள்ளை ஆட்டைத்தான். கோபித்துக்கொள்ளாதே, நான் செத்தால் ஏதாவது ஒரு ஆடு கிடைக்கும். இந்தக் கடிதத்தோடு தெமிர் கொண்டுவருகிற துணி மூட்டையில் வாலடிக்கறி இருக்கிறது, வேகவைத்து உப்பிட்டது. வழியில் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், கட்டின முடிச்சை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். நீ சூடு பண்ணி, நல்ல தட்டில் வைத்து, தலையில் துணி கட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் உமுகான் முன்னால் வை. அவளுடைய மகன், மருமகள் எல்லாரும் இருக்கும்போது வை. என் பெயரைச் சொல்லி வை. மன்னிப்பு என்று நீயாக எதுவும் பேசாதே, உனக்கு அழகாகப் பேச வரும், கெடுத்துவிடுவாய். அவள் சாப்பிட்டாளா, ஒதுக்கி வைத்தாளா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது. ஒதுக்கி வைத்தாலும் எழுது. அவள் கண் சரியானால், இங்கே உள்பூச்சில் ஒரு மூலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல். நான் பூசாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

குளிர்காலம் உன்னைத் தொடாமல் போகட்டும், உன் ஊசி முறியாமல் இருக்கட்டும். யாராவது உனக்குக் கை கொடுத்தால் என்னைப் போல ஏன் ஏன் என்று தோண்டாதே, குழந்தை.

ஊரில் எல்லாரிடமும் எனக்கு இருந்த கணக்கை முடித்துவிட்டேன். வாத்தியாரையும் எசெனையும்கூட விட்டுவிட்டேன், எதற்காக வந்திருந்தாலும் சுவர் நிற்கிறது. ஆனால் அன்று அந்தத் தட்டு தனக்கு முன்னால் வந்தபோது, "அக்கா, இது உமுகானோடது" என்று ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே மாற்றிக் கொடுத்திருப்பேன், சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அவள் தலை நிமிராமல் கொழுப்பு வழிய வழிய எலும்பு வெளுக்கும் வரை தின்றாள். பூரூலை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

உன் பாட்டி,
அனார்கான்