பதின்மூன்றாம் கேள்விக்கு நான் போட்ட பூஜ்யம்

அன்பு மகள் ஜெனிதாவுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நல்லபடியாகவே இருக்கிறோம். அந்த ஸ்வீடன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் நல்லபடியாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். நான் எங்கே பேசுகிறேன், இரண்டு வார்த்தை கேட்டதும் அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. தோட்டத்துப் பிளம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது, அம்மா ஜாம் கிண்டி உனக்கென்று நான்கு புட்டி எடுத்துவைத்திருக்கிறாள். எனக்கோ ஒரு விஷயம் உறுத்துகிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்ததை அம்மா சொல்லியிருப்பாள். அந்த யுத்தத்தில் சண்டை போட்டவர்களுக்கு முப்பது வருஷம் ஆகியும் நெஞ்சைவிட்டு இறங்காததற்கு வைத்தியம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வியாழக்கிழமைதோறும் போய் வாழ்க்கையிலேயே மோசமான அந்த ஒரு நாளை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் மறுபடியும் அதையே, இப்படிப் பத்து வாரம். பதினெட்டுப் பேரில் சீட்டுக் குலுக்கி ஒன்பது பேரை முதலில் எடுத்தார்கள். நானும், என்னோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த ஷாசிரும் அதில் இருந்தோம். பக்கத்து வீட்டு ஹாஸிம், காத்திருக்க வேண்டிய ஒன்பது பேரில் மாட்டிக்கொண்டான். சொல்லி முடித்ததும் ஒரு தாள் தருவார்கள், அதில் இருபது கேள்வி. கெட்ட கனவு வந்ததா, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதா என்றெல்லாம். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் நாலு.

அந்த டாக்டர் நெர்மானாவுக்கு உன் வயதுதான், உன்னைப் போலவே பேனா மூடியைக் கடிக்கிறவள். எங்கள் நம்பரைக் கூட்டிப் பார்ப்பாள், குறையவில்லை என்றால் முகம் வாடிவிடும், அதை மறைக்கவும் தெரியாது. இரண்டாவது வாரம் ஷாசிர்தான் ஆரம்பித்தான். வாசலில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, “பாவம்டா அந்தப் பொண்ணு. நமக்கு அவ கையால காப்பி போட்டுக் குடுக்குறா, நாம அவளை வெறுங்கையோட அனுப்புறோம். ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கடா” என்றான். நம் ஊர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா, காப்பி கொடுத்தவள் மனசு நோகலாமா என்று ஒன்பது தடிமாடுகளும் குறைத்தோம். மூன்றாவது வாரத்திலேயே நம்பர் பாதிக்கும் கீழே. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எங்களுக்கு ஒரே பெருமை, நாங்களே பரீட்சை எழுதிப் பாஸான மாதிரி. உண்மையில் எனக்குக் கொஞ்சம் இறங்கியது எட்டாவது வாரம்தான். வைத்தியம் பொய்யில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். நான்காவது, ஐந்தாவது வாரமெல்லாம் என்னுடைய அந்த நாள் நடந்த ஆற்றுப்பாலம் பக்கம் பஸ் போனாலே வியர்த்துச் சட்டை நனைந்துவிடும், ஆனால் தாளில் மட்டும் பூஜ்யமும் ஒன்றும்.

அந்தத் தாள்களைப் பார்த்த புரொஃபசர், தலைநகர் சரயேவோவிலிருந்து ஒரே ஒரு தடவை வந்து எங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் போன மகராசன், என்ன முடிவெடுத்தார் தெரியுமா? மூன்று வாரத்திலேயே குணமாகிறதே, எதற்குப் பத்து, அடுத்த ஒன்பது பேருக்கு மூன்றே போதும் என்றுவிட்டார். கட்டியைக் கீறிவிட்டுக் கட்டுப்போடாமல் வீட்டுக்கு அனுப்புவானா எவனாவது? ஹாஸிமை அப்படித்தான் அனுப்பினார்கள். தன் தம்பியைத் தோளில் தூக்கி வந்த அந்த நாளை மூன்று தடவை சொல்ல வைத்தார்கள், நான்காவது வியாழன் போனால் கதவில் பூட்டு. அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் வருவதில்லை, விறகுக் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், பெண்டாட்டி இறைச்சி அடைத்துச் சுட்ட புரெக்கைத் தட்டில் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள். நான் போய்க் கூப்பிட்டதற்கு, “நீங்கள்லாம் மூணே வாரத்துல சரியாயிட்டீங்களாமே. எனக்கு ஆகலன்னா நான்தான் உருப்படாதவன்” என்றான்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், இத்தனை நாள் கழித்து நல்லவன் வேஷம் போடுகிறாயா என்று ஷாசிர் எகிறுகிறான். அந்தப் பெண்ணின் பேர் கெட்டுவிடுமே என்று அம்மா வேறு. பேராவது ஒன்றாவது, அங்கே ஒரு மனுஷன் கொட்டகையில் கிடக்கிறான். நேரே போய் டாக்டரிடம் உடைத்துச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். தாள்களை மேஜைமேல் போட்டுவிட்டு, “என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்லி உங்களை யார் மாமா கேட்டா?” என்றாள், அவ்வளவுதான். பிறகு அவளே, நீங்கள் ஒன்பது பேரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதை வைத்துப் புரொஃபசரிடம் சண்டை போட்டு மற்ற ஒன்பது பேருக்கும் மீதி ஏழு வாரத்தை வாங்கலாம், ஹாஸிமை மட்டும் உடனே கூட்டி வாருங்கள், என் சொந்த நேரத்தில் பார்க்கிறேன் என்றாள். ஆறு பேரைப் பிடித்துவிட்டேன். ஷாசிர் முறுக்கிக்கொண்டிருக்கிறான், விடமாட்டேன். கொட்டகைக்குப் போய், “நாங்க பொய் சொன்னோம்டா, எங்களுக்கும் மூணு வாரத்துல ஆகல” என்றேன். ஹாஸிம் சுவரைவிட்டு என் பக்கம் திரும்பி, “மடப்பசங்களா” என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்கும் ஒரு புதுத் தாள் கொடுத்து, இந்தத் தடவை நிஜத்தைப் போடுங்கள் என்றாள். பதின்மூன்றாவது கேள்வி, நெருங்கியவர்களிடமிருந்து விலகிப்போனதுபோல் இருக்கிறதா என்பது. பத்து வாரமும் அதற்குப் பூஜ்யம்தான் போட்டிருந்தேன். அதை டாக்டருக்காகப் போடவில்லை, வெட்கத்தில் போட்டேன். இப்போது நாலு என்று எழுதினேன். உன் கல்யாணத்தில் எல்லோரும் ஆடும்போது நான் வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்தேனே, அன்றும் நாலுதான். நீ ஸ்வீடன் போகப் பஸ் ஏறியபோது கையசைக்காமல் திரும்பி நடந்தேனே, அன்றும். ஏழு வயதில் நீ அம்மாவிடம், நான் என்ன தப்புப் பண்ணினேன், அப்பா ஏன் என்னோடு பேசுவதில்லை என்று கேட்டாயாம். ஹாஸிம் கொட்டகையில் சொன்னதும் அதேதான், தப்பு தன்மேல்தான் என்று. நீ ஒரு தப்பும் பண்ணவில்லை கண்ணு.

அல்லாஹ் உன்னையும் உன் வீட்டையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், குட்டிப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம். பனி விழுந்தால் அவள் காதை மூடிவிடு. இன்னொன்றையும் மறந்துவிடாதே: ஞாயிற்றுக்கிழமை நான் போனை அம்மாவிடம் கொடுக்கப் போனால், “இருங்கப்பா” என்று சொல். நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்மேல் பாசம் இருந்தும் சொல்லத் தெரியாத உன் அப்பா,
ரெஃபிக்