சங்கம் தராத ஆதரவு

ஒஹாயோ, அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். தேர்தல் பிரச்சார வேலையும் தப்பித்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.

எங்கள் வேட்பாளர் டெல்ஃபின் கார்வருக்குத்தான் சட்டமன்றத் தேர்தலில் காவலர் சங்கத்தின் ஆதரவு என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி, 'காவலர்களின் ஆதரவு பெற்றவர்' என்று பன்னிரண்டாயிரம் துண்டறிக்கை அச்சடித்துவிட்டேன். சங்கத்தில் இன்னும் ஓட்டெடுப்பே நடக்கவில்லை என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அதற்குள் அச்சகத்து வேன் கிளம்பிவிட்டது. காரில் விரட்டிப் போய்த் தபால் நிலைய வாசலில் மறித்தேன். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் டெல்ஃபின் கத்தவில்லை. "வா, சங்கத் தலைவர்கிட்டயே சொல்லிடலாம்," என்று கூட்டிப் போனார்.

தலைவர் சார்ஜென்ட் ப்ரிக்கெட் அறிக்கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களைக் கேக்காமலே எங்க ஆதரவைக் கொடுத்துட்டியேம்மா! உங்கப்பா என்ன பண்றார்?"

"ரிட்டயர்டு போலீஸ், சார்."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"எங்களைவிட அவருக்குத்தான் பயப்படுறே. முதல்ல அவருக்கு எழுது."

நேற்று ஓட்டெடுப்பில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஆதரவு எதிராளிக்குப் போய்விட்டது. ப்ரிக்கெட்டே போன் செய்து, "என் ஓட்டு உங்களுக்குத்தான்," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்புங்கள். வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போக, கூட வேலை செய்பவர்கள் வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். ஞாயிறு மதியம் அறையில் தனியாகத்தான் இருப்பேன். கூப்பிடுங்கள் அப்பா, திட்டுவதற்காகவாவது.

உங்கள் மகள்,
மேவ்