ஓகஸ்ட் பக்கத்துப் பெண்

என் செல்ல அக்கா,

நாளைக்கு நீ செத்து முப்பத்தோராம் நாள். எனக்கு அழுகை வரவில்லை, பத்திக்கொண்டுதான் வருகிறது.

நாளைக்கு வருகிற சனத்துக்கு உன் நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் குத்துவிளக்கு, தாமரை, கலியாண வீட்டில் நீ முழித்துக்கொண்டு நிற்கிற படம். உள்ளே, அத்தான் ஒரு புலவரைப் பிடித்து எழுதுவித்த பாட்டு. 'ஓய்வறியா உத்தமி'யாம்! புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். விடிய டோனட் கடை, பின்னேரம் ஒஃபிஸ் கிளீனிங், இடையில் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் வீடு நிறைந்த ஆட்களுக்குச் சமையல். அதுதானே உன் நெஞ்சைத் தின்றது? டொக்டர் உன்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னபோது இந்த மனுசன் எங்கே போனார்?

நீ கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "என்ர கல்வெட்டில என்ர மூஞ்சியைப் போடாதை. அந்த ஓகஸ்ட் பொம்பிளையைப் போடு" என்றாய்.

அவளை எனக்குத் தெரியாதா? வெக்ஸ்போர்டில் யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய கலண்டர். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த அந்தக் காலத்து யப்பான் படங்கள். ஒருத்தி நுளம்பு கடிக்காமல் படுக்கைக்கு மேலே வலை கட்டுகிறாள், ஒருத்தி பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். ஓகஸ்ட்காரி மட்டும் தோய்க்கிற உடுப்பைத் தொட்டியில் அப்படியே விட்டுவிட்டு, தோளில் உடுப்பு நழுவ, காலை நீட்டி விசிறியோடு இருக்கிறாள். வருடம் முடிந்தும் நீ அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. "பாரடி, உவளை ஒருத்தரும் எழுப்பேல்லை" என்று சிரிப்பாய்.

புத்தகம் அச்சுக்குப் போக முதலே படத்தை அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உனக்கென்ன விசரே? தோள் தெரியிற சீனாக்காரியைச் செத்தவீட்டுப் புத்தகத்தில போட்டால் சனம் என்ன சொல்லும்?"

சீனாக்காரி! இவர் தினமும் தேத்தண்ணி குடித்த குசினிச் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கியவள்.

"அத்தான், அக்கா கேட்டவ."

"செத்தவைக்கு என்ன தெரியும்?" என்று ரீவிச் சத்தத்தைக் கூட்டினார்.

உன்னோடும் எனக்குக் கோபம்தான். படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாயே, ஒரு நாளாவது நீயும் அப்படி இருந்தாயா? அடுப்பை நிப்பாட்டியிருந்தால் யார் பட்டினி கிடந்திருப்பார்கள்?

நான் விடவில்லை. அஜின்கோர்ட்டில் கலர் கொப்பி எடுக்கிற கடைக்குப் போய், அந்தப் படத்தை வேண்டிய அளவு எடுத்துவிட்டேன். கீழே உன் பெயர் மட்டும்தான். நாளைக்கு மண்டப வாசலில் நின்று, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் என் கையாலேயே வைத்துக் கொடுப்பேன். அத்தான் முறைத்தால் முறைக்கட்டும். யாரும் படத்தைக் காட்டி "இது ஆர்?" என்று கேட்டால், "எங்கட அக்கா. களைச்சுப் போனா, காலை நீட்டி இருக்கிறா" என்று சொல்லுவேன். சத்தியம்.

உன் வாய்க்காரத் தங்கச்சி,
வசந்தி